தென்னங்கீற்றின் ஓரத்து ஊதா: நீக்கும் வழியும் அதன் எல்லையும்

உச்சி வெயிலில் தென்னந்தோப்பில் எடுத்த திருமணப் படங்களில் கீற்றுகளின் ஓரமெங்கும் ஊதாக் கோடு ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில், லென்ஸால் வரும் நிறப்பிழையான நிறப்பிறழ்ச்சியை நீக்கும் பெட்டியில் டிக் செய்தும் அந்தக் கோடு அசையவில்லை. ஓரத்து நிறக் கசிவை எடுக்கும் டிஃப்ரிஞ்ச் ஸ்லைடரை ஏற்றியபோது கோடு மறைந்தது. ஆனால் மணப்பெண்ணின் கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையில் ஜரிகையை ஒட்டிய ஓரங்கள் சாம்பல் பூத்துவிட்டன. "எந்த எண்ணை வைத்தால் சரியாக வரும்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருப்பது ஓர் எண்ணைத்தான் என்றாலும், அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பெட்டி ஏன் பயன்படவில்லை என்பது ஒன்று. வேண்டாத ஊதாவை எடுக்கும்போது வேண்டிய ஊதாவை எப்படிக் காப்பது என்பது மற்றொன்று. திருமண ஆல்பங்களுக்குப் படம் திருத்தும் வேலையில் 18 ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் இரண்டுக்கும் விடை எழுதுகிறேன். எந்தப் படத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. லென்ஸினால் வரும் நிறப்பிழை இரண்டு வகைப்படும். ஒன்றில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் பிம்பங்களும் கூர்மையாகவே விழும். ஆனால் அவற்றின் அளவு சற்றே வேறுபடும். ஆகவே படத்தின் நடுவில் மூன்றும் பொருந்தி நிற்க, மூலைக்குப் போகப் போக ஒன்றிலிருந்து ஒன்று விலகும். ஒரு கிளையின் ஒரு பக்கம் சிவப்பாகவும் எதிர்ப்பக்கம் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ தெரிந்தால் அது இந்த வகை. இதைப் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி என்பார்கள். சிவப்பு, நீல பிம்பங்களைச் சிறிது பெரிதாக்கியோ சிறிதாக்கியோ பச்சையின் மேல் பொருத்திவிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் முற்றிலும் நீங்கிவிடும். நீங்கள் டிக் செய்த பெட்டி செய்வது இந்தப் பொருத்தும் வேலையைத்தான். மற்றொரு வகையில் பிம்பங்களின் அளவு ஒன்றாகவே இருக்கும். குவியும் தூரம்தான் மாறும். பச்சை சரியாகக் குவியும் இடத்தில் ஊதாவும் நீலமும் குவியாமல், ஒரு சிறு வட்டமாகப் பரவி விழும். இது படத்தின் நடுவிலும் வரும், ஓரத்திலும் வரும். கீற்றின் இரு பக்கமும் ஒரே ஊதாவாகவே நிற்கும். அளவு பிசகாத இடத்தில் அளவைத் திருத்தும் கருவிக்கு வேலை ஏது? உங்கள் கீற்றுகளின் இரு பக்கமும் ஊதாதான் என்று எழுதியிருப்பதால், உங்கள் பிழை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இருந்தாலும் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டாம். மூலைகளில் முதல் வகையும் சேர்ந்திருக்கக்கூடும்.

இந்த ஊதா ஏன் எல்லா இடத்திலும் வராமல், வெளுத்த வானத்தை ஒட்டிய கரிய கீற்றில் மட்டும் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் திருத்துவது எளிதாகும். கீற்றைவிட வானம் 5 ஸ்டாப் வெளிச்சமாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும் என்பதால், அது 32 மடங்கு. குவியாத ஒளி வானத்திலிருந்து கீற்றின் மேல் 3 விழுக்காடு மட்டுமே கசிந்தாலும், அது கீற்றின் சொந்த ஒளிக்கு ஏறத்தாழச் சமமாகிவிடும். வேறுபாடு 7 ஸ்டாப் ஆனால் 128 மடங்கு. அப்போது 1 விழுக்காடு கசிவே போதும். கசிகிற ஒளியில் பச்சை குறைவு, நீலமும் சிவப்பும் அதிகம் என்பதால் அது ஊதாவாகத் தெரிகிறது. இதே கசிவு முகத்திலும் மண்ணிலும்கூட இருக்கிறது. பக்கத்துப் பக்கமாக இவ்வளவு பெரிய வெளிச்ச வேறுபாடு அங்கே இல்லாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது: கோட்டின் நிறம் தவறு என்பதோடு, அதன் வெளிச்சமும் தவறு. கீற்றில் இல்லாத ஒளி அங்கே கூடுதலாக ஏறி நிற்கிறது. நிறத்தை மட்டும் எடுத்தால் மிஞ்சும் ஒளி சாம்பல் கோடாக நிற்பது இதனால்தான்.

கண்ணாடி நிறங்களை ஒரே இடத்தில் குவிக்காது என்பது இன்று நேற்று அறிந்த குறை அல்ல. லென்ஸால் இதைத் தீர்க்கவே முடியாது என்று கருதிய நியூட்டன், 1668-இல் லென்ஸுக்குப் பதிலாக ஆடியை வைத்துத் தொலைநோக்கி செய்தார். இரண்டு வகைக் கண்ணாடிகளை இணைத்து இரண்டு நிறங்களை ஒரே இடத்தில் குவிக்கும் லென்ஸுக்கு 1758-இல் லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றார். இரண்டு நிறங்கள் சேர்ந்தாலும் மற்றவை முழுதும் சேர்வதில்லை. அலைநீளம் குறைந்த ஊதாதான் எல்லாவற்றிலும் அதிகம் விலகி நிற்கிறது. விலை உயர்ந்த லென்ஸ்களில் ஃப்ளோரைட் படிகமும் சிறப்புக் கண்ணாடிகளும் சேர்ப்பது இந்த மிச்சத்தைக் குறைக்கத்தான். உங்களுடைய 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் அப்படிப்பட்டது அல்ல. முழுத் திறப்பில் வெளுத்த வானத்தை நோக்கினால் ஊதா வருவது அதன் இயல்பு. லென்ஸ் பழுது என்று எண்ணி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை.

லென்ஸின் பங்கு உறுதியானது. திறப்பைக் குறைத்தால் ஊதா குறைவதை எவரும் அரை மணி நேரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். சென்சாரின் மேலுள்ள நுண்லென்ஸ்களும் இந்த ஊதாவைக் கூட்டுகின்றனவா, கூட்டினால் எவ்வளவு என்பதில் அனுபவமுள்ளவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. புறஊதாக் கதிர்தான் காரணம், ஆகவே யூவி ஃபில்டர் போட்டால் போய்விடும் என்றும் சிலர் சொல்வார்கள். இன்றைய லென்ஸ் கண்ணாடியும் சென்சாரின் முன்னுள்ள வடிகட்டியும் புறஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. மிஞ்சித் தெரிவது கண்ணுக்குத் தெரியும் ஊதாவே. அதற்காக மட்டும் ஃபில்டர் வாங்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. திருத்தும் மேசையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இந்த விவாதம் முடிவாக வேண்டிய தேவையும் இல்லை. ஊதா எந்த வழியில் வந்திருந்தாலும் அதை எடுக்கும் முறை ஒன்றுதான்.

இனி வேலையின் வரிசை. கேமரா பதிவு செய்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஜேபெக் ஆக்கும்போது பெரும்பாலான கேமராக்கள் நிறத் தகவலை மட்டும் குறைத்துச் சேமிப்பதால், ஊதா தன் இடத்தைவிட்டுப் பக்கத்துப் பிக்சல்களிலும் படிந்துவிடும். பிறகு அதைத் தனியே பிரிப்பது கடினம். லென்ஸ் ப்ரொஃபைலையும் நிறப்பிறழ்ச்சிப் பெட்டியையும் முதலில் இயக்குங்கள். அடுத்து ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் முடித்துவிடுங்கள். பலர் இங்கே வரிசையை மாற்றிவிடுகிறார்கள். ஒயிட் பேலன்ஸை மாற்றினால் ஊதாக் கோட்டின் நிறமும் நீலத்தை நோக்கியோ சிவப்பை நோக்கியோ நகரும். முன்பே பொருத்திய நிற எல்லை பிறகு பொருந்தாமல் போகும். ஹைலைட்டைக் குறைத்தால் வானம் சற்று அடங்கி, அதுவரை வெண்மையில் கலந்திருந்த ஊதா வெளியே தெரியவும் கூடும். இருப்பது முழுவதும் தெரிந்த பிறகு அதை எடுப்பதுதான் நல்லது. கிளாரிட்டி, டீஹேஸ், ஷார்ப்பனிங் மூன்றும் ஓரங்களை அழுத்திக் காட்டுபவை. ஊதாவை எடுத்த பிறகே அவற்றைத் தொடுங்கள்.

டிஃப்ரிஞ்சுக்கு வருவோம். படத்தை 100 அல்லது 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்; முழுப் படமாகத் திரையில் பொருத்தி வைத்துக்கொண்டு செய்த திருத்தம் அச்சில் காலை வாரிவிடும். லைட்ரூமில் பர்ப்பிள் அமௌண்ட் 0 முதல் 20 வரை செல்லும். அதன் கீழே பர்ப்பிள் ஹ்யூ என்று இரண்டு முனைகள் கொண்ட ஒரு பட்டை 30, 70 என்ற எண்களில் நிற்கும். எந்த ஊதாவை எடுப்பது என்பதை அந்த இரண்டு முனைகளும், எவ்வளவு அகலமாக எடுப்பது என்பதை அமௌண்டும் தீர்மானிக்கின்றன. பெரும்பாலோர் அமௌண்டை மட்டும் ஏற்றிவிட்டு ஹ்யூவைத் தொடுவதே இல்லை. உங்கள் படத்திலும் இதுதான் நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கேயுள்ள ஐட்ராப்பரை எடுத்துக் கோட்டின் மிக அழுத்தமான ஊதாவின் மேல் ஒருமுறை தொட்டால், எல்லைகளை அதுவே ஓரளவுக்கு அமைத்துத் தரும். பிறகு ஆல்ட் விசையை அழுத்தியபடி ஸ்லைடரை நகர்த்துங்கள். திருத்தம் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்பது திரையில் தனித்துத் தெரியும். என் அனுபவத்தில் எஃப் 1.8-இல் எடுத்த பெரும்பாலான படங்களுக்கு அமௌண்ட் 3 முதல் 6 வரை போதுமானது. 10-ஐத் தாண்ட வேண்டியிருந்தால், எண்ணை இன்னும் ஏற்றுவதை விட்டுவிட்டு ஹ்யூ எல்லை சரியாக இருக்கிறதா என்று திரும்பப் பார்ப்பேன்.

இப்போது புடவை. டிஃப்ரிஞ்ச் ஓரங்களைத்தான் தேடுகிறது. ஆகவே பரந்து கிடக்கும் கத்திரிப்பூ நிறப் பட்டை அது பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் காஞ்சிப் பட்டின் கரையில் ஜரிகை நூலும் பட்டு நூலும் மாறி மாறி வருகிற இடமெல்லாம் ஓரம்தான். வெயிலில் மின்னும் ஜரிகையும் அதை ஒட்டிய ஊதாப் பட்டும் மென்பொருளின் பார்வையில், வெளுத்த வானமும் அதை ஒட்டிய ஊதாக் கோடும் போலவே இருக்கின்றன. இது புடவை, இது பிழை என்று அதற்குத் தெரியாது, தெரிந்தவர் நீங்கள்தான். பல ஆண்டுகளுக்கு முன் இதே நிறப் புடவை உள்ள ஓர் ஆல்பத்தில், முதல் படத்துக்கு அமைத்த எண்களை 140 படங்களுக்கு ஒரே நேரத்தில் பரப்பி அச்சுக்கு அனுப்பினேன். ஆல்பத்தைப் பிரித்த மணப்பெண்ணின் தாயார், "புடவைக் கரை ஏன் சாயம் போன மாதிரி இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டார். படம் எடுப்பதைப் பற்றி அவர் எதுவும் அறிந்தவர் அல்லர். ஆனால் அந்தப் புடவையைக் கடையில் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர். அத்தனை தாள்களையும் திரும்ப அச்சிட்டுக் கொடுத்தேன். அன்று முதல், படத்தில் ஊதா நிறப் பொருள் இருந்தால் டிஃப்ரிஞ்ச் எண்களை மற்றப் படங்களுக்கு ஒட்டுவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த உதவும் லைட்ரூமின் மாஸ்கிங்கில் உள்ள பிரஷுக்கும் தனியாக ஒரு டிஃப்ரிஞ்ச் ஸ்லைடர் உண்டு. அது மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை செல்லும். படம் முழுவதற்கும் மிதமான அளவில் டிஃப்ரிஞ்ச் வைத்துவிட்டு, புடவையின் மேல் பிரஷால் மைனஸ் 100 பூசினால், அந்தப் பகுதி பொதுத் திருத்தத்திலிருந்து காக்கப்படும். நேர்மாறாகவும் செய்யலாம்: பொதுத் திருத்தத்தை 0-இல் விட்டுவிட்டுக் கீற்றுகளின் மேல் மட்டும் பிளஸ் மதிப்பில் பூசலாம். படத்தில் ஊதாக் கோடு ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் இரண்டாவது வழியே நல்லது. ஆனால் பிரஷின் டிஃப்ரிஞ்ச் ஊதா, பச்சை என்று பிரித்துப் பார்க்காமல் ஓரத்திலுள்ள எல்லா நிறக் கசிவையும் எடுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் தோப்பு முழுவதும் கோடுகள் ஓடுவதால் முதல் வழியைச் சொல்வேன்.

பச்சைக்கான ஸ்லைடரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வகை லென்ஸில், குவியத்துக்கு முன்னால் உள்ள ஓரங்கள் ஊதா கலந்த சிவப்பாகவும், பின்னால் உள்ளவை பச்சையாகவும் தெரியும். மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்திருந்தால், முன்னே நிற்கும் நெற்றிச்சுட்டி ஒரு நிறத்திலும் பின்னே உள்ள ஜிமிக்கி மற்றொரு நிறத்திலும் ஓரம் கட்டுவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துப் படம் முழுவதற்கும் பச்சை அமௌண்டை ஏற்றிவிடாதீர்கள். உங்கள் படத்தின் பின்னணியே தென்னையும் வாழையும்தான். வானத்தை ஒட்டிய ஒவ்வொரு இலையின் நுனியும் வெளிறிப் போகும். ஜிமிக்கிக்கு பிரஷ் போதும்.

டிஃப்ரிஞ்சால் முழுதும் தீராதவற்றை ஃபோட்டோஷாப்பில் முடிப்பேன். படத்தின் லேயரை இரட்டித்து, கோட்டின் அகலத்தைவிடச் சற்று அதிகமான அளவில் காசியன் ப்ளர் கொடுக்க வேண்டும். கோடு 6 பிக்சல் என்றால் 8 அல்லது 10. பிறகு அந்த லேயரின் ப்ளெண்டிங்கை கலர் என்று மாற்றி, கருப்பு மாஸ்க் போட்டு, வெள்ளை பிரஷால் கோட்டின் மேல் மட்டும் தடவினால், அக்கம்பக்கத்து நிறம் கோட்டின் மேல் படியும்; அடியில் உள்ள நுணுக்கம் கலையாது. ஊதாவை வெறுமனே சாம்பலாக்குவதைவிட இது மேல். கீற்றின் பச்சையில் ஒரு பங்காவது ஓரத்துக்கு வந்து சேர்கிறது.

இதற்குப் பிறகும் வெளிறிய கோடு ஒன்று மிஞ்சினால், அது நான் முன்பு சொன்ன கூடுதல் ஒளி. படத்தின் சிவப்பு, பச்சை, நீலத் தகவல்கள் தனித்தனிச் சேனல்களாக இருக்கும்; அந்த ஒளியை எடுக்க அவற்றில் பச்சை சேனல் உதவும். மூன்று சேனல்களையும் தனித்தனியே திறந்து பாருங்கள்: நீலத்திலும் சிவப்பிலும் ஓரம் கலங்கிக் கிடக்க, பச்சையில் கீற்று கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். சேனல் மிக்ஸரில் மோனோக்ரோமைத் தேர்ந்து, பச்சையை 100 ஆகவும் மற்ற இரண்டையும் 0 ஆகவும் வைத்துக் கிடைக்கும் கருப்புவெள்ளைப் பிம்பத்தை லூமினாசிட்டி முறையில் மேலே வைத்து, அதே ஓரத்தில் மட்டும் மாஸ்க் வழியாக வெளிப்படுத்தினால் கோடு கீற்றின் கருமைக்கு இறங்கும். இலை, கிளை, மின்கம்பி, கோபுரக் கலசம் ஆகியவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். கத்திரிப்பூ நிறப் பட்டிலும் குங்குமத்திலும் பச்சை சேனல் இயல்பாகவே கருத்திருக்கும். அங்கே இதைப் பூசினால் ஓரம் கரி பிடித்ததுபோல் ஆகிவிடும். ஆகவே புடவைப் பக்கம் இந்த முறை வேண்டவே வேண்டாம்.

பணம் கட்டி வாங்கும் மென்பொருள் இல்லாதவர்கள் டார்க்டேபிளைப் பயன்படுத்தலாம். அதன் நிறப்பிறழ்ச்சி மாட்யூல் இதே கருத்தின்படிதான் வேலை செய்கிறது: பச்சையை வழிகாட்டியாகக் கொண்டு மற்ற இரண்டு சேனல்களையும் திருத்துகிறது. அதிலுள்ள, கருமையாக்க மட்டும் செய்யும் தேர்வு ஊதா ஓரத்துக்கு ஏற்றது. ரா தெரபியிலும் டிஃப்ரிஞ்ச் கருவி இருக்கிறது.

எந்தப் படத்துக்கு இவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை அச்சின் அளவை வைத்துத் தீர்மானியுங்கள். 24 மெகாபிக்சல் படம் அகலத்தில் 6000 பிக்சல். அது 36 அங்குல ஆல்பம் விரிப்பு முழுவதும் பரவினால், 6 பிக்சல் கோடு ஏறத்தாழ 0.9 மி.மீ. ஆகிவிடும், கையில் வைத்துப் பார்ப்பவர் கண்ணில் நிச்சயம் படும். அதே படம் 6 அங்குல அகலத்தில் ஒரு மூலையில் வந்தால் கோடு 0.15 மி.மீ. தான், அதற்கு டிஃப்ரிஞ்ச் 3 வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகலாம்.

மீட்க முடியாததும் உண்டு. மூன்று சேனல்களும் முழுதும் வெளுத்துப் போன இடத்தில் மெல்லிய கீற்று நுனிகள் வானத்தோடு கரைந்திருக்கும். ஊதாவை எடுத்தால் அங்கே நுனி கிடைக்காது, வெண்மைதான் கிடைக்கும். மணப்பெண்ணின் பறக்கும் முடியிழைகளிலும் அப்படித்தான். சில நேரங்களில் அந்த இழைகளில் இலேசான ஊதாவை விட்டுவைப்பேன். முழுதும் எடுத்தால் முடி அறுந்து அறுந்து தெரியும். உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன். நடுப்பகுதியில் உள்ள ஏதேனும் ஒரு கீற்றில் ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் பச்சையும் இருப்பதாகத் தெரிந்தால் மேலே எழுதியதில் சில மாறும். அந்தப் பகுதியை மட்டும் 200 விழுக்காட்டில் வெட்டி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

படம் எடுக்கும்போது செய்யக்கூடியதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வரவேற்புப் படங்கள் இன்னும் எடுக்க வேண்டியிருப்பதாகச் சொன்னதால் எழுதுகிறேன். திறப்பை எஃப் 1.8-லிருந்து எஃப் 4-க்குக் குறைத்தால் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்), குவியாத ஊதா வட்டத்தின் விட்டம் பாதிக்கும் கீழாகவும், பரப்பு ஐந்தில் ஒரு பங்காகவும் சுருங்கும். பின்னணி அவ்வளவு மங்கலாக வராது என்ற இழப்பு அதில் உண்டு. எஃப் 1.8-ஐ விட மனமில்லை என்றால், இரண்டடி நகர்ந்து நின்று, தலைக்குப் பின்னால் வானத்துக்குப் பதிலாகத் தோப்பின் அடர்ந்த பகுதி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.